போடிங் பிள்ளை

முதல் நாள் சாப்பிட்டு எழுந்ததும் தன் தட்டோடு மற்றவர்கள் தட்டையும் எடுத்துக் கழுவி வைத்தாளே, அதுதான் தனுஜா செய்த தவறு. அது தவறு என்று அவளுக்கு விளங்க ஒரு வருடமும் நாலு மாதமும் பிடித்தது.

தேயிலைத் தோட்டத்து லயத்தில் வளர்ந்த பிள்ளைக்கு அதைத் தவறு என்று யார் சொல்லிக் கொடுத்திருக்க முடியும்? பத்துக் காம்பராக்கள் ஒரே கூரையின் கீழ் ஒட்டிக் கிடக்கிற இடம் அது. அடுத்த காம்பராவில் ஒரு வாய் சாப்பிட்டாலும் பாத்திரத்தைக் கழுவி வைத்துவிட்டுத்தான் வர வேண்டும். கையை வீசிக்கொண்டு எழுந்து வந்தால், "பெரிய தொரை மக, கை நோகுமாம்" என்று மறுநாள் கொழுந்து மலையில் பேச்சு வந்துவிடும். அம்மா வீரம்மாவும் அவளை விட்டுவிட்டுப் போகும்போது காதுக்குள் சொன்னது அதைத்தான். "அவுங்க வீட்ல சும்மா குந்திக்கிட்டு இருக்காத, புள்ள. வளத்தவள ஏசிப்புடுவாங்க."

அவர்கள் தோட்டம் வட்டவளையிலிருந்து மலையேறிப் போகிற தூரத்தில் இருந்தது. அங்கிருந்த பள்ளிக்கூடத்தில் ஓ.எல். என்கிற சாதாரணதரம் வரைதான். விஞ்ஞானப் பிரிவில் உயர்தரம் படிக்க ஹட்டனுக்குத்தான் வர வேண்டும். தோட்டத்துக்குக் காலையில் ஒரு பஸ். அதுவும் மழை பெய்தால் வராது, அங்கே மழை பெய்யாத நாளும் கிடையாது. அதனால்தான் போடிங், மாதக் காசு கொடுத்து ஒரு வீட்டில் தங்கிப் படிப்பது. தேயிலைச் செடிகளைக் கத்தியால் கவ்வாத்து வெட்டுகிற அப்பா மாயாண்டி, மாதம் பிறந்ததும் முதல் வேலையாகப் போடிங் காசை அனுப்பிவிடுவார். ஒரு மாதமும் தவறியதில்லை.

போடிங் கிடைத்த இடத்தை எல்லாரும் ஸ்கீம் என்றார்கள். டவுனிலிருந்து ஆட்டோவில் பத்து நிமிடம். வாத்தியார்களும் வங்கியில் வேலை செய்கிறவர்களும் கடைக்காரர்களும் கட்டிய நாற்பது வீடுகள். ஒவ்வொன்றுக்கும் மதில், கேட், கேட்டில் மணி. தனுஜாவை முதலில் பயமுறுத்தியது அந்த அமைதிதான். லயத்தில் யார் வீட்டில் என்ன கறி, யாருக்கு யார்மேல் கோபம் என்பதெல்லாம் சுவர் வழியே வந்துவிடும். இங்கே அடுத்த வீட்டில் ஆள் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளக் கார் நிற்கிறதா என்று எட்டிப் பார்க்க வேண்டியிருந்தது.

வீட்டுக்கார அம்மா நாகலெட்சுமி கெட்டவள் இல்லை. முதல் நாள் தட்டை எடுத்தபோது, "ஐயோ, விடு புள்ள, நீ ஏன்?" என்று கையைப் பிடித்தே தடுத்தாள். இரண்டாம் நாள் வாயால் மட்டும் "விடு" என்றாள். மூன்றாம் நாள் ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாம் வாரம் இரவுச் சாப்பாட்டுப் பாத்திரங்களோடு காலை தேத்தண்ணிக் கோப்பைகளும் தொட்டிக்குள் அவளுக்காகக் காத்திருந்தன. பிறகு கூட்டுவது வந்தது. பிறகு நாகலெட்சுமியின் மகனுடைய வெள்ளைச் சீருடை வந்தது. யாரும் கட்டளை இடவில்லை. "தனு, நேரமிருந்தா" என்றுதான் ஒவ்வொன்றும் தொடங்கும். நேரமில்லை என்று சொல்ல அவளுக்குத் தெரியவில்லை.

தெரியவில்லை என்பதுகூட முழு உண்மை இல்லை. அவளுக்கு அது பிடித்திருந்தது. அதை ஒப்புக்கொள்ளத்தான் பின்னால் அவளுக்கு அதிகம் கூச்சமாக இருந்தது. ஸ்கீமில் அவளுடைய தமிழும் செருப்பும் குடையும் கொஞ்சம் தள்ளி நின்றன. ஆனால் "இந்தப் புள்ள கை பட்டா வீடு கண்ணாடி" என்று நாகலெட்சுமி யாரிடமாவது சொல்லும்போது, அந்த ஒரு நிமிடம் அவள் அங்கே சேர்ந்தவளாகிவிடுவாள். "நாகலெட்சுமி வீட்டுப் புள்ள" என்று பக்கத்து வீட்டு மீனம்மா கூப்பிடுவதை அவள் பாசம் என்றே எடுத்துக்கொண்டாள். அந்தப் பாசத்துக்காக மீனம்மாவின் முற்றத்தையும் இரண்டு முறை கழுவிவிட்டிருக்கிறாள்.

அம்மா ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு கட்டு வல்லாரையோடு பார்க்க வந்தாள். கதிரையின் நுனியில் உட்கார்ந்து, தரையில் படாத மாதிரி காலைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

"உங்க மக எனக்கு வலது கை மாதிரி," என்றாள் நாகலெட்சுமி.

வீரம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "நல்லா வேல வாங்குங்கம்மா. செய்யட்டும். வேலைக்குப் பயந்தவ இல்ல."

பஸ்ஸுக்கு நடக்கும்போதுதான் அம்மா திடீரென்று நின்று அவள் கையைப் பிடித்துப் பார்த்தாள். சோப்புத் தண்ணீரில் விரல் நுனிகள் வெடித்திருந்தன.

"படிக்கிறியா?"

"படிக்கிறேம்மா."

அம்மாவிடம் சொன்ன முதல் பொய் அதுதான் என்று சொல்ல முடியாது. ஆனால் திரும்பி மேடேறி வரும்போது மூச்சை அடைத்த பொய் அது ஒன்றுதான்.

இரண்டாம் தவணையில் இரசாயனவியலுக்கு முப்பத்தெட்டுப் புள்ளி வந்தது. படிப்பிக்கிற சேர் விடைத்தாளை மேசையில் வைத்துவிட்டுப் போகாமல் அங்கேயே நின்றார். "ஓ.எல்.ல ஒன்பது 'ஏ' எடுத்த பிள்ளை. என்ன நடக்குது? சனிக்கிழமை முன்னோடிப் பரீட்சை வைக்கிறாங்க. கெம்பஸ்ல படிக்கிற பிள்ளைகள் போடுற பேப்பர், உண்மையான பரீட்சை மாதிரியே இருக்கும். அதுல அறுபது வரலைன்னா இந்த வருஷம் எழுத வேணாம். அடுத்த வருஷம் பார்க்கலாம்."

அடுத்த வருடம் என்று ஒன்று கிடையாது என்பது சேருக்குத் தெரியாது. இன்னொரு வருடப் போடிங் அப்பாவின் கத்தியால் ஆகிற காரியம் இல்லை. அடுத்த வருடம் என்றால் வீடு. வீடு என்றால் காலையில் பெரட்டுக் களத்தில் நின்று தோட்ட வேலைக்குப் பெயர் கொடுப்பது. அப்படி நிற்கிறவர்களை அவள் தாழ்வாக நினைக்கவில்லை. அம்மா நிற்கிற இடம்தானே. ஆனால் அம்மாவே அவளை அங்கே நிற்க விடமாட்டேன் என்றுதான் இங்கே கொண்டுவந்து விட்டிருந்தாள்.

சனிக்கிழமை. அந்த நாளை அவள் இரசாயனவியல் புத்தக அட்டையில் வட்டம் போட்டு வைத்தாள். அதே சனிக்கிழமைதான் வயதுக்கு வந்த மீனம்மாவின் மகளுக்குச் சடங்கு.

வியாழக்கிழமை பின்னேரம். பள்ளிக்கூடம் விட்டு வந்து சீருடையைக் கழற்றிப் பழைய சட்டையை மாட்டிக்கொண்டு தேத்தண்ணி ஊற்றினாள். ஹோலில் மீனம்மா உட்கார்ந்திருந்தாள்.

"அறுநூறு பேருக்குக் கார்ட் குடுத்தாச்சு, நாகலெட்சுமி. சமையலுக்கு ஆள் இருக்கு. பரிமாற, பாத்திரம் அலசத்தான் கை பத்தாது. உன் புள்ளய காலைல அஞ்சு மணிக்கே அனுப்பி வை."

"அதுக்கென்ன மீனாக்கா, கூட்டிக்கிட்டு போங்க," என்றாள் நாகலெட்சுமி.

குசினிக்குள் தட்டத்தில் கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்த தனுஜாவுக்குக் காதுகள் சுட்டன. இப்போதே போய்ச் சொல்லிவிடலாம். பரீட்சை என்ற ஒரு சொல் போதும். ஆனால் கார்ட் அடித்த சடங்குக்கு முன்னால் அந்தச் சொல் எவ்வளவு மெலிந்து போகும் என்று நினைத்தாள். சரி, இரவு நாகலெட்சுமி அன்ட்டியிடம் தனியாகச் சொல்லலாம் என்று முடிவு செய்தாள். தள்ளிப்போடுவதில் அவள் அதற்குள் தேர்ந்துவிட்டிருந்தாள்.

தட்டத்தோடு அவள் ஹோலுக்கு வந்த நேரம் கேட்டின் மணி அடித்தது. மழைக்கோட்டில் ஓர் இளம் சிங்களப் பெண். கையில் தொடுதிரை டெப், கழுத்தில் அடையாள அட்டை. வீடு வீடாக ஆள் கணக்கெடுக்க வந்திருந்தாள். நாகலெட்சுமி கதிரை போட்டாள். புருஷன் பெயர், வயது, வேலை; தன் பெயர்; மகன் பெயர், வகுப்பு. அந்தப் பெண்ணின் விரல் டெப்பில் தட்டிக்கொண்டே போனது. பிறகு அவள் கண் தட்டத்தோடு நின்ற தனுஜாமேல் வந்தது.

"மே லமயா கவுத?" இந்தப் பிள்ளை யார் என்று கேட்டாள்.

நாகலெட்சுமி வாயைத் திறக்குமுன் மீனம்மா முந்திக்கொண்டாள். "ஏ கெதர வெடட்ட இன்ன லமயா, மிஸ்."

வீட்டு வேலைக்கு இருக்கிற பிள்ளை.

அந்தப் பெண் தலையாட்டினாள். விரல் டெப்பில் இறங்கியது.

தனுஜா நாகலெட்சுமியைப் பார்த்தாள். அன்ட்டி இப்போது சொல்லுவாள். மாதாமாதம் காசை வாங்கி, ரசீது மாதிரி ஒரு சிரிப்புச் சிரிக்கிறவள்தானே. இல்லை, இவள் எங்கள் போடிங் பிள்ளை என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? நாகலெட்சுமி ஒன்றும் சொல்லவில்லை. அவள் பொய்யும் சொல்லவில்லை, அதுதான் கொடுமை. கோப்பைக்குள் எதையோ தேடுகிறவள் மாதிரி தேத்தண்ணியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த மௌனத்துக்குள் தனுஜா ஒரு விஷயத்தைக் கண்டாள். ஒரு வருடமும் நாலு மாதமும் அவளும் இதே மாதிரித்தான் நின்றிருக்கிறாள். யாராவது தனக்காகச் சொல்லுவார்கள், யாராவது விளக்குமாற்றைத் தன் கையிலிருந்து வாங்கிக்கொள்ளுவார்கள் என்று. யாரும் வாங்கமாட்டார்கள். நல்லவர்கள்கூட வாங்கமாட்டார்கள். ஓடுகிற தண்ணீரை யார் மூடுவார்கள், குழாய் தன் வீட்டில் இல்லாதபோது?

தட்டத்தைக் குட்டி மேசையில் வைத்தாள்.

"நே, மிஸ்," என்றாள். குரல் அவள் நினைத்ததைவிடச் சத்தமாக வந்தது. "மம போடிங். மம இகெனகன்னவா. ஏ.எல்., பயோ." பிறகு தமிழிலும் சொன்னாள், ஹோலில் இருந்த மற்ற இரண்டு பேருக்காக. "நான் போடிங் பிள்ளை. இங்க படிக்க வந்திருக்கேன்."

அந்தப் பெண் நிமிர்ந்தாள். "போடிங்?" நாகலெட்சுமியைத் திரும்பிப் பார்த்தாள். "ஹரித, அக்கே?" சரிதானா என்று அவள் கேட்டபோது, இனிமேல் கோப்பைக்குள் பார்க்க வழியில்லை.

"ஓவ்," என்றாள் நாகலெட்சுமி மெதுவாக. "போடிங் தமய்." ஆமாம், போடிங்தான்.

"அனே, சொரி நங்கி." அந்தப் பெண் சிரித்தாள். லமயா ஒரு நொடியில் நங்கியாகிவிட்டாள், தங்கச்சியாகிவிட்டாள். டெப்பில் முதலில் போட்டதை அழித்தாள். எந்தப் பள்ளிக்கூடம், எத்தனையாம் வருடம் என்றெல்லாம் கேட்டுப் பதிந்தாள். தனுஜா குனிந்து திரையைப் பார்த்தாள். சிங்கள எழுத்து அவளுக்கு எழுத்துக்கூட்டித்தான் வரும். இருந்தாலும் விடாமல் கூட்டி வாசித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

கேட் சாத்துகிற சத்தம் கேட்டதும் மீனம்மா ஆரம்பித்தாள். "என்னடி இது, ஒரு கவர்மென்ட் பேப்பர்ல என்னா எழுதினா என்னா? யாரு வந்து பாக்கப் போறா?"

"நான் பாப்பேன் அன்ட்டி."

"வாயப் பாரு! சரி சரி, சனிக்கிழமை அஞ்சு மணிக்கு வந்துரு."

"சனிக்கிழமை வர ஏலாது. பரீட்சை இருக்கு."

"என்னா பரீட்சை? எங்க அக்கா மகனும்தான் ஏ.எல். அது முன்னோடி, சும்மா போடுற பரீட்சை. அப்பறமா எழுதிக்கலாம். என் மகளுக்குச் சடங்கு திருப்பி வைக்க ஏலுமா?"

"ஏலாதுதான் அன்ட்டி. அதே மாதிரி எனக்கும் இது திருப்பி வராது."

கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். மலை உச்சியில் மூடுபனி விலகி, கீழே ரெயில் பாதையும் ஆறும் ஒவ்வொன்றாகத் தெரியத் தொடங்குமே, அப்படி நெஞ்சுக்குள் தெளிந்துகொண்டு வந்தது.

"அப்ப சடங்குப் பக்கமே எட்டிப் பாக்க மாட்டீங்களாக்கும்?" மீனம்மா கையைக் கூப்பினாள். "வாங்க மகாராணி. பரீட்சைய முடிச்சிட்டு ஆற அமர வாங்க. கதிர போட்டு, எல போட்டு வைக்கிறோம்."

"சரி அன்ட்டி. நீங்க கூப்பிட்டதா எடுத்துக்கிறேன். வருவேன்."

மீனம்மா சேலையை உதறிக்கொண்டு எழுந்து போனாள்.

விளக்கேற்றியதும் நாகலெட்சுமி அவள் அறைக் கதவில் வந்து நின்றாள். "மனுசர் முன்னுக்கு என் முகத்துல கரி பூசிட்டியே. நான் ஒன்ன வேலைக்காரியா நடத்தினேனா? சொல்லு. ஒரு நாளாவது ஏசினேனா?"

"ஏசினதில்ல அன்ட்டி."

"அப்பறம் என்னா?"

"நீங்க ஏசியிருந்தா எனக்கு மொதல்லயே வெளங்கியிருக்கும்."

நாகலெட்சுமி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "மாசம் முடிய வேற எடம் பாத்துக்க."

மாத நடுவில் வேறு போடிங் தேடி யார் அலைவது? அப்பாவிடம் என்ன சொல்லுவது? இரண்டு நாள் முன்பாக இருந்தால் அவள் அப்போதே அழுது, மன்னிப்புக் கேட்டு, சட்டிகளைத் துலக்கப் போயிருப்பாள். கால்கள்கூட அந்தப் பக்கம் போகப் பார்த்தன. பழகிய மாடு மாதிரி.

"சரி அன்ட்டி," என்றாள். "பாத்துக்கிறேன். என் தட்டு, என் கோப்பை, என் அறை, மூணையும் நான் சுத்தமா வச்சுக்குவேன். மிச்ச நேரம் படிக்கணும்."

அன்றும் மறுநாளும் அவள் படித்த மாதிரி அந்த வருடத்தில் படித்ததில்லை. நேரம் என்பது இவ்வளவு நீளமானது என்று அவளுக்கு மறந்தே போயிருந்தது. குசினியில் பாத்திரம் உருளுகிற சத்தம் கேட்கும்போதெல்லாம் முதுகு கூசியது. எழுந்து போய் வாங்கிச் செய்துவிட்டால் கூச்சம் போய்விடும் என்று உடம்பு சொன்னது. கதிரையின் இரு பக்கமும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சேதன இரசாயனத்தின் தாக்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக, ஒரு மலையிலிருந்து அடுத்த மலைக்குப் போகிற பாதை மாதிரி, மனதில் கோர்த்துக்கொண்டன.

சனிக்கிழமை காலையில் மீனம்மா வீட்டு ஒலிபெருக்கி ஊரை எழுப்பியபோது அவள் கேட்டைத் திறந்து டவுனுக்கு இறங்கிவிட்டாள்.

பரீட்சை முடிந்து வெளியே வந்ததும் பல்தேர்வு வினாக்களின் விடைகளைச் சுவரில் ஒட்டினார்கள். நோட்டன் பிரிட்ஜிலிருந்து வருகிற சிநேகிதி தெரேசா அவள் வினாத்தாளைப் பறித்துச் சரி பார்த்தாள்.

"ஐம்பதுக்கு நாப்பத்தொண்ணு! அடியேய், நீ போன தவணை முப்பத்தெட்டு எடுத்தவதானே? யார்ட்ட டியூஷன் போன?"

"என்கிட்டயேதான்," என்றாள் தனுஜா. எழுத்து வினாக்களில் எவ்வளவு எழுதியிருக்கிறோம் என்று அவளுக்குத் தெரியும். அறுபது எங்கோ கீழே, அவள் கடந்து வந்துவிட்ட ஒரு வளைவில் நின்றது. தெரேசாவைக் கட்டிப் பிடித்துச் சத்தம் போட்டுச் சிரித்தாள். ரோட்டில் போன ஒரு கிழவர் குடையைத் தூக்கிப் பார்த்தார்.

அறைக்கு வந்து முகம் கழுவி, தீபாவளிக்கு எடுத்த பச்சை சுடிதாரைப் போட்டுக்கொண்டாள். வழியில் வாங்கிய ஒரு வர்ணப் பென்சில் பெட்டியைக் காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு மீனம்மா வீட்டுப் பந்தலுக்குள் நடந்தாள். வாசலில் அவளுக்கும் பன்னீர் தெளித்தார்கள். மணவறையில் பட்டுப்புடவைக்குள் புதைந்திருந்த சின்னப் பெண், பென்சில் பெட்டியை அப்போதே பிரித்துப் பார்த்து, அன்றைக்கு முதல்முறையாகப் பல் தெரியச் சிரித்தாள். பக்கத்தில் நின்ற மீனம்மா ஏதோ சொல்லவந்து, போட்டோக்காரன் பார்க்கிறான் என்று அவளும் சிரித்தாள். "வந்தியா? போய்ச் சாப்பிடு."

தனுஜா பந்தி வரிசையில் ஒரு கதிரையில் உட்கார்ந்தாள். பக்கத்தில் நுவரெலியாவிலிருந்து வந்திருந்த ஒரு அம்மா. "யாரு வீட்டுப் புள்ளம்மா நீ?"

"வட்டவளைப் பக்கம். வீரம்மா, மாயாண்டி மக. அப்பா கவ்வாத்து, அம்மா கொழுந்து. நான் இங்க போடிங்ல இருந்து படிக்கிறேன்."

"அப்படியா! நல்லா படிம்மா," என்று அந்த அம்மா தன் இலையிலிருந்த வடையை எடுத்து அவள் இலையில் வைத்தாள்.

பந்தலின் கோடியிலிருந்து மீனம்மாவின் குரல் கேட்டது. "நாகலெட்சுமி! இந்த வரிசைக்கு இன்னும் பாயசம் வரல, என்னா பண்ற அங்க?" காலை ஐந்து மணியிலிருந்து அப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தது போலும். நாகலெட்சுமி சேலையை இடுப்பில் செருகி, பாயச வாளியோடு வியர்த்து விறுவிறுத்து வந்தாள். ஒவ்வொரு இலையாக ஊற்றிக்கொண்டு வந்தவள், தனுஜாவின் இலைக்கு முன் நின்றுவிட்டாள்.

தனுஜாவின் முழங்கால்கள் எழப் பார்த்தன. வாளியை வாங்கிக்கொள் என்று ஒரு வருடத்துப் பழக்கம் பிடரியைப் பிடித்துத் தள்ளியது. அவள் எழவில்லை. அன்ட்டியின் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். அதில் கோபம் இருக்கும் என்று நினைத்தாள். களைப்புதான் இருந்தது, கூடவே பதில் தெரியாத பிள்ளையின் திணறல் மாதிரி ஒன்று.

"பரீட்சை எப்படி?" என்றாள் நாகலெட்சுமி.

அந்த வீட்டில் அப்படி ஒரு கேள்வி அவளிடம் கேட்கப்பட்டது அதுதான் முதல் தடவை.

"நல்லா செஞ்சேன் அன்ட்டி. ரொம்ப நல்லா."

நாகலெட்சுமி தலையாட்டினாள். "நாகலெட்சுமி!" என்று மறுபடி குரல் வந்தது. அவள் அந்தப் பக்கம் திரும்பாமலே, வாளியைக் கை மாற்றிக்கொண்டு கேட்டாள். "வேற எடம் பேசிட்டியா?"

"இன்னும் இல்ல."

"பேசாத. இங்கயே இரு."

தனுஜாவுக்கு அவசரமில்லை. இலையை இரண்டு விரலால் கொஞ்சம் முன்னால் தள்ளினாள்.

"யோசிச்சுச் சொல்றேன் அன்ட்டி. பாயசம் ஊத்துங்க, நெறைய."